உன் மிரட்டலுக்கு அம்மாவின் பதில்

என் மகனே,

உன் அப்பாவின் திவசத்துக்கு வந்து திரும்பிப் போகிற அன்று காலையில், இடியப்பத் தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு நீ ஒரு மிரட்டல் விட்டாய். "நீங்க எங்களோட சுவீடனுக்கு வராட்டி நானும் போகல்ல. முடிவாத்தான் சொல்றன்" என்றாய். நான் உன் தட்டில் சொதியை ஊற்றினேன். அதை நீ சம்மதம் என்று எடுத்தாயோ மறுப்பு என்று எடுத்தாயோ தெரியாது. உண்மையில் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நாடுகள் ஒன்றையொன்று எப்படி மிரட்டுகின்றன, எந்த மிரட்டல் நம்பப்படுகிறது, எது நம்பப்படாமல் போரில் கொண்டுபோய் விடுகிறது என்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவன் நீ. அப்படிப்பட்டவன் பெற்ற தாயை மிரட்டும்போது வாயால் அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது, எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது.

மிரட்டல் என்று பார்த்தால் அது நல்ல மிரட்டல்தான். சுருக்கமாகச் சொன்னாய், ஒரேயொரு நிபந்தனை வைத்தாய், குரலையும் உயர்த்தவில்லை. எனக்கு எது வலிக்கும் என்று அறிந்து அந்த இடத்திலேயே கை வைத்தாய். இத்தனை வருடம் நீ படித்த படிப்புக்கு மதிப்புக் கொடுத்து ஒரு நல்ல பல்கலைக்கழகம் உன்னைக் கூப்பிடுகிறது. என் பொருட்டு நீ அதை வேண்டாம் என்று விட்டால், இந்த வீட்டில் நான் குடிக்கிற ஒவ்வொரு தேத்தண்ணியும் கசக்கும். மருமகள் வாணி போன கிழமை தொலைபேசியில் சொன்னாள், மாத முடிவுக்குள் அவர்கள் பதில் கேட்டிருக்கிறார்களாம், நீ இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லையாம். ஆகவே நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று விளங்கிவிட்டது. நானும் விளையாட்டுக்கு எழுதவில்லை. நான் சுவீடனில் குடியிருக்க வரமாட்டேன். நீ போகத்தான் வேண்டும். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்றதை ஆறுதலாக எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக வாசி.

மிரட்டலைப் பற்றி நான் முதலில் கற்றது கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில். விடுதியில் எங்களைப் பார்த்துக்கொண்ட மதர் உயரமான, மெலிந்த மனுஷி. நீ கொப்பியில் கோடு தப்பி எழுதியபோதெல்லாம் நான் உன் காதைத் திருகியிருக்கிறேனே, அந்தக் கண்டிப்பு அவரிடமிருந்து எனக்கு வந்தது. அவர் எதையும் இரண்டாம் தரம் சொல்லமாட்டார். காலைச் செபத்துக்குப் பிந்தி வருகிறவர் அன்று பகல் சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். சைவப் பிள்ளைகளான நாங்கள் செபம் சொல்லத் தேவையில்லை, ஆனால் வரிசையில் நேரத்துக்கு நிற்க வேண்டும். ஒரு நாள், சுகமில்லாமல் கிடந்த ஒரு பிள்ளையைப் பார்க்கப் போய் மதரே பிந்திவிட்டார். பகல் மணி அடித்தது. நாங்கள் எல்லோரும் வாங்குகளில் இருந்துவிட்டோம். அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்று, கடைசிப் பருக்கை வரைக்கும் நின்றபடியே சாப்பிட்டு முடித்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அந்த வருடம் அதற்குப் பிறகு ஒருத்தியும் பிந்தவுமில்லை. சொன்னவரையும் சேர்த்துக் கட்டுகிற சொல்லைத்தான் மற்றவர்கள் நம்புகிறார்கள் என்பதை நான் அந்தச் சாப்பாட்டறையில் கண்டேன். பல காலம் கழித்து நீ அதையே எனக்கு விளங்காத குறியீடுகளோடு ஒரு கட்டுரையில் எழுதியிருந்தாய். குறியீடுகளை விட்டுவிட்டு மற்றதை வாசித்தேன். ஒரு மதரும் இல்லாமல் என் பிள்ளை தானாகவே இங்கே வந்து சேர்ந்துவிட்டான் என்று பெருமையாக இருந்தது.

நீ ஏன் இந்தப் படிப்புக்குப் போனாய் என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். டாக்டராகலாம், எஞ்சினியராகலாம், போரைப் போய் யாராவது படிப்பார்களா என்கிறார்கள். எனக்குக் காரணம் தெரியும். புத்தளத்தில் பெரியம்மா வீட்டில் நின்று நீ படித்த காலத்தில், வகுப்பில் உனக்குப் பக்கத்தில் வடக்கிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பிள்ளை இருந்தான். அங்கேயுள்ள கரைத்தீவுப் பக்கத்தில் ஓலைக் கொட்டிலிலிருந்து பஸ்ஸில் வருவான். புலிகள் வடக்கு முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது தன் வாப்பாவும் உம்மாவும் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று அவன் உனக்குச் சொல்லியிருக்கிறான். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். "போகச் சொல்றதுக்கு முந்தி அவங்களோட ஒருத்தரும் கதைக்கல்லயா அம்மா?" என்று கேட்டாய். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

இப்போது உன் கட்டுரைகளில், போர் என்பது பேரம் முறிந்த இடம் என்று எழுதுகிறாய். சண்டையில் இரண்டு பக்கமும் இழக்கிறது, ஆகவே சண்டை பிடிக்காமலே இரண்டு பக்கமும் ஏற்கக்கூடிய ஒரு பங்கீடு எங்கோ இருக்கத்தான் செய்கிறது, அதை ஏன் காணாமல் விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி என்கிறாய். அழகான கேள்வி. ஆனால் அந்தப் பிள்ளையின் வாப்பாவையும் உம்மாவையும் எந்தப் பேரத்துக்கும் ஒருவரும் கூப்பிடவில்லையே. பேரம் பேசியவர்களின் கண்ணுக்கு அவர்கள் ஒரு தரப்பாகவே தெரியவில்லை. நீ எழுதிக்கொண்டிருக்கிற புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு அத்தியாயம் வேண்டும். சின்ன வயதில் நீ கேட்டதற்கு அங்கேதான் நீ பதில் சொல்ல வேண்டும்.

இனி நம் வீட்டுப் போருக்கு வருகிறேன். அது நடந்தபோது நீ கொழும்பில் இருந்தாய், தொலைபேசியில் பாதிக் கதைதான் கேட்டாய், பிறகு உன் ஆய்வில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியும் விட்டாய். அந்தப் பக்கத்தில் பிழைகள் இருக்கின்றன. வாணியும் இதை வாசிப்பாள். மலையில் பிறந்த பிள்ளை, கரைவலை கண்டதில்லை, அவளுக்கு விளங்கும்படி எழுதுகிறேன். தோணியில் போய்க் கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பதுதான் கரைவலை. மீன் வந்து சேருகிற நடுப் பைக்கு மடி என்று பெயர். கரை, பாடு என்று நாங்கள் சொல்கிற வலை இழுக்கும் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலும் பல வலைக்காரருக்கு உரிமை இருக்கும், ஆனால் வலைகள் முறை வைத்துத்தான் இறங்கும். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு அடுத்தவர். உன் அப்பாவுக்கும் முத்தையா மாமாவுக்கும் ஒரே பாட்டில் அடுத்தடுத்த முறை. தென்மேற்குக் காற்றுக்கு இங்கே கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அப்பா வலையை முல்லைத்தீவுக்குக் கொண்டுபோவார். அப்படிக் கொண்டுபோன ஒரு வருடம் வலை அங்கே போரோடு போயிற்று, அவர் மட்டும் திரும்பி வந்தார். அதன் பிறகு போர் முடியும் வரைக்கும் எங்கள் வலை இங்கே இறங்கவேயில்லை.

போர் முடிந்து அப்பா புது வலை கட்டினார். முத்தையா மாமா, "உங்கட முறை எப்பவோ போயிட்டு மச்சான், இனி வரிசையில கடைசியில நில்லுங்க" என்றார். போர் தடுத்த முறை போன முறை ஆகாது, நிறுத்திய இடத்திலிருந்துதான் எண்ண வேண்டும் என்றார் அப்பா. உன் அப்பாவின் பக்கம் மட்டும் நியாயம் இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். ஆனால் முத்தையா மாமாவும் சும்மா இருந்தவர் இல்லை. அந்த வருடங்களெல்லாம் கடலில் இறங்கக் கடற்படையிடம் பாஸ் எடுத்து, சோதனையில் நின்று விளக்கம் சொல்லி, குறித்த நேரத்துக்குள் வலையை இழுத்து, அந்தப் பாட்டைக் கைவிடாமல் வைத்திருந்தவர் அவர். அந்தக் கஷ்டத்துக்கு ஒரு மதிப்பும் இல்லையா என்று அவர் கேட்டதில் பிழையில்லை. இதற்கு வழக்கத்திலும் பதில் இல்லை, ஏனென்றால் இத்தனை காலம் நீண்ட தடையை எங்கள் கரை முன்பு கண்டதில்லை.

அப்பா ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார், வலை தொடங்குகிற முதல் நாள் முத்தையாவின் தோணி இறங்கினால் கயிற்றை வெட்டுவேன் என்று. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தேன். வெட்ட அவருக்கு மனமில்லை. வெட்டாமல் விடவும் இனி முடியாது. வெட்டுகிற கையை உடைப்பேன் என்று முத்தையா மாமாவும் ஆள் அனுப்பினார். இரண்டு வலையிலும் இழுக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தம், அண்ணன் எங்கள் வலையில், தம்பி அவர்கள் வலையில். அவர்கள் சங்கக்கடையில்கூடத் தள்ளித் தள்ளி நிற்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் உனக்குத் தொலைபேசி எடுத்தேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பாவ வெல்ல வைக்கப் பாக்காதீங்க அம்மா. ரெண்டு பேருக்கும் திரும்பி வர ஒரு வழி விடுங்க" என்றாய். அந்த நேரம் எனக்குக் கோபம் வந்தது. அப்பாவின் மகன் அப்பாவின் பக்கம் நில்லாமல் எங்கோ நடுவில் நிற்கிறானே என்று. கோபம் தணிந்த பிறகு நீ சொன்னதைத் திரும்பத் திரும்ப யோசித்தேன்.

அடுத்த நாள் முத்தையா மாமாவின் பெண்சாதி சரசு கறிவேப்பிலை கேட்டு வந்தாள், முன்வாசலால் இல்லை, கிணற்றடிப் பக்கத்தால். அவர்கள் வளவில் இரண்டு கறிவேப்பிலை மரம் நிற்பது எனக்குத் தெரியும். "மச்சாள், உங்கட ஆள் மெய்யாவே கயித்த வெட்டுவாரா?" என்றாள். "வெட்டுவார். வெட்டிட்டு இருந்து அழுவார்" என்றேன். "எங்கட ஆளும் அப்படித்தான். கைய உடைப்பார், உடைச்சிட்டு ஆஸ்பத்திரிக்கும் அவர்தான் தூக்கிட்டு ஓடுவார்" என்றாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அதோடு எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் சொன்னதைச் செய்யக்கூடியவர்கள், இரண்டு பேருக்கும் அதில் விருப்பமில்லை. அவள் முன்வாசலால் வந்து இதைச் சொல்லியிருந்தால், புருஷன் சொல்லி அனுப்பியது என்று நான் நம்பியிருக்கமாட்டேன். அவர் கண்டால் வீட்டில் பெரிய சண்டை வரும் என்று தெரிந்தும் பின்பக்கத்தால் வந்தாளே, அதனால் நம்பினேன்.

அம்மன் கோயில் ஆடித் திருவிழா நெருங்கியிருந்தது. தீ மிதிக்கிறவர்கள் காப்புக் கட்டினால் கோயிலிலேயே தங்க வேண்டும், கடுஞ்சொல் பேசக் கூடாது, யார் மேலும் கை ஓங்கக் கூடாது. நான் அப்பாவிடம் போய், "புது வலைக்கு நேர்த்தி வைச்சிருக்கன். இந்த வருஷம் நீங்க காப்புக் கட்டித் தீ மிதிக்கவேணும்" என்றேன். அது பொய்யாக இருக்கக் கூடாது என்பதற்காக, சொல்வதற்கு முன் சாமியறைக்குப் போய் உண்மையாகவே நேர்ந்துவிட்டுத்தான் வந்தேன். அந்த வீட்டில் சரசு என்ன சொன்னாளோ, முத்தையா மாமாவும் காப்புக் கட்டினார். காப்போடு இருக்கிற மனிதரிடம் போய், கயிற்றை வெட்டுவாயா மாட்டாயா என்று ஊரில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். தொடக்கத்தில் இரண்டு பேரும் கோயில் மண்டபத்தில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்களாம். பிறகு முத்தையா மாமாவால் முடியவில்லை. ஒரு வலைக்காரர் புது வலையைப் பற்றிக் கேட்காமல் எவ்வளவு நேரம் இருப்பார்? "மடியை ஆர் கட்டினது மச்சான்? நல்லா அமைஞ்சிருக்கு" என்று கேட்டாராம். அங்கேயிருந்து கதை தொடங்கியது. தீ மிதித்து முடிந்தபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது. முதல் நாள் இரண்டு வலையின் ஆட்களும் சேர்ந்து ஒரே வலையை இழுப்பது, அன்றைய மீன் முழுவதும் கோயிலுக்கு. இரண்டாம் நாள் முத்தையா மாமா, மூன்றாம் நாள் நாங்கள். போர் வருடங்களை இரண்டு பக்கமும் எந்தக் கணக்குக்கும் எடுப்பதில்லை.

இதை நீ உன் ஆய்வில், சமய நம்பிக்கையினால் மோதல் தவிர்க்கப்பட்டது என்று எழுதியிருக்கிறாய். அப்படியில்லை. அம்மன் மேல் பயபக்தி இரண்டு பேருக்கும் முன்பே இருந்ததுதான், தேத்தண்ணிக் கடையில் அது அவர்களின் வாயை அடக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஊர் பார்க்க, தோற்றவர் என்ற பெயர் இல்லாமல் நிற்பதற்கு ஒரு இடம் கிடைத்தது. அதுதான் நடந்தது. இன்னொன்று, நீ எழுதிய அந்தப் பக்கத்தில் சரசுவே இல்லை. நீ எழுதுகிற நாடுகளெல்லாம் ஒரு நாட்டுக்கு ஒரு ஆள்தான் குடியிருப்பது போல இருக்கின்றன. எந்த வீட்டிலும் பின்வாசல் ஒன்று இருக்கும், அதால் யாராவது போய் வந்துகொண்டிருப்பார்கள். நீ தொலைபேசியில் எனக்குச் சொன்ன சொல் மட்டும் சரியாக இருந்தது. அந்தச் சொல் இல்லாவிட்டால் நான் அப்பாவுக்குத் துணையாக நின்று கத்தியைத் தீட்டிக் கொடுத்திருப்பேன். அதனால்தான் உன் படிப்பு வெறும் படிப்பு இல்லை என்று நான் யாரிடமும் துணிந்து சொல்கிறேன். கூப்பிடுகிற இடத்துக்குப் போய் நீ அதைச் செய்ய வேண்டும்.

என்னைப் பற்றி நீ கவலைப்படுகிறாய். அப்பா போன பிறகு எங்கள் வலையையும் முத்தையா மாமாதான் பார்த்து இறக்குகிறார். எங்கள் முறை வருகிற நாள் விடிந்ததும் ஒழுங்கையில் நின்று, "மச்சாள், இண்டைக்கு உங்கட நாள்" என்று குரல் கொடுப்பார். நான் குடையோடு போய்க் கதிரை போட்டு இருப்பேன். வலை கரைக்கு ஏறும்போது மடி கனக்கிறதா என்று பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே காலையில் எழும்பலாம் போலிருக்கும். பின்னேரம் வாசிகசாலைக்குப் போய்ப் பேப்பரில் எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்துகிறேன். வாசிகசாலைக்காரர் முதலில் முறைத்தார், இப்போது பேனை வாங்கி வைக்கிறார். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் இங்கே. தனிமை வேண்டுமென்றால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். எனக்கு ஏதாவது நடக்கும்போது நீ பக்கத்தில் இல்லாமல் போகலாம், அதுதான் உன் பயம் என்று எனக்குத் தெரியும். நான் அதையும் யோசித்துப் பார்த்தேன். நீ கொழும்பிலேயே இருந்தாலும் சிலாபத்தில் பஸ் மாறி வந்து சேர்வதற்குள் நான் போய்விடலாம். அதற்காக நீ வீட்டில் காவல் இருந்தால், இருக்கிற நாட்களை இரண்டு பேரும் கெடுத்துக்கொள்வோம்.

இனி நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, என் மகன் சுவீடனுக்குப் பேராசிரியராகப் போகிறான் என்று சொல்லிப் பகிர்ந்தேன். முத்தையா மாமாவும் சரசுவும் வந்திருந்தார்கள், மற்ற வலைக்காரர் வந்திருந்தார்கள், தேத்தண்ணிக் கடைக்காரர்கூட வந்திருந்தார். இந்தக் கடிதத்தில் இதுவரை எழுதியதன் பிரதி ஒன்றை வாசிகசாலை ஆண்டு மலருக்கும் கொடுத்துவிட்டேன். அதற்கு முன் முத்தையா மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரிக் கதையை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை, சரசு எடுக்க வேண்டாம் என்றாள். ஊரறியச் சொன்ன சொல்லிலிருந்து ஒரு நாடு இலேசில் பின்வாங்க முடியாது என்று உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ படிப்பிக்கிறாய். நீ போகாவிட்டால் இந்த வயதில் உன் அம்மா பொய்க்காரி ஆவாள். வாணியும் என் பக்கம்தான் என்பதை இப்போது நீ விளங்கியிருப்பாய். உன் பக்கத்தில் ஒற்றுமை இல்லை மகன்.

ஆனால் உன்னை வெல்ல வேண்டும் என்று நான் நிற்கவில்லை. வைகாசியில் இங்கே கடல் கொந்தளிக்கும், வலை இறங்காது. அங்கே அப்போது வெயிலாம், வாணி சொன்னாள். ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்தில் வந்து உங்களோடு இருக்கிறேன். ஆடித் திருவிழாவுக்கு முன் என்னைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். இரவில் பாண் தரக் கூடாது, சோறு வேண்டும். நீ எழுதுவதை அச்சுக்குக் கொடுக்க முன் எனக்கு வாசிக்கத் தர வேண்டும். நீ கேட்டது முழுவதும் உனக்குக் கிடைக்கவில்லை, நான் நினைத்தது முழுவதும் எனக்கும் கிடைக்கவில்லை. இதற்கு மேல் நான் இறங்கமாட்டேன்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இன்றைக்கே எழுதிவிடு. எழுதியதும் எனக்குத் தொலைபேசி எடு. தையல்காரியிடம் குளிர்ச்சட்டைக்கு அளவு கொடுக்க வேண்டும், வைகாசியிலும் அங்கே பின்னேரங்களில் குளிரும் என்று வாணி சொன்னாள்.

உன் அம்மா
உடப்பு